ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாங்கிய கையெழுத்து

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 38. இரண்டு மாதத்துக்கு முன் திண்டிவனம் பக்கம் பைக்கில் போகும்போது லாரி மோதி வலது கால் முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "வக்கீல் ஆபீஸிலிருந்து வருகிறேன். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, பணம் வந்ததும் நூற்றுக்கு முப்பது கொடுத்தால் போதும்" என்று சொல்லி நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். அந்த வக்கீலை நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. இவரையே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா, வேறு ஆளைப் பாருங்கள். புரோக்கரை அனுப்பி வழக்குப் பிடிப்பதும், கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதும் இந்திய பார் கவுன்சில் விதிப்படி வழக்கறிஞர் செய்யக் கூடாதவை. விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் இழப்பீட்டில் சதவீதம் கேட்டுக் காசோலை வாங்கிய வழக்கறிஞரின் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிக் கேட்பதே சட்டவிரோதம் என்று 2017ல் தீர்ப்பு வந்தது. எனவே முப்பது சதவீதம் தருவதாக நீங்கள் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

அந்த முப்பது எதிலிருந்து போகிறது என்றும் பாருங்கள். எட்டு லட்சம் தீர்ப்பானால் 2,40,000 ரூபாய் அவருக்கு. அந்த எட்டு லட்சத்துக்குள் நீங்கள் நகையை அடகு வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி பில்லும் இருக்கிறது. உங்கள் கைக்காசு திரும்பி வருவதிலும் அவருக்குப் பங்கு!

கையில் பணம் இல்லாதவர்கள்தான் இந்தப் பேச்சுக்குச் சம்மதிக்கிறார்கள், அதில் உங்கள் மேல் தப்பே இல்லை. வழக்குக்கு மொத்தம் இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசி, மனுப் போடும்போது கொஞ்சம், சாட்சி விசாரணையின்போது கொஞ்சம் என்று பிரித்துக் கொடுக்கலாம். பேசியதை எழுதி வாங்குங்கள், கொடுக்கும்போதெல்லாம் ரசீது கேளுங்கள். அதற்கும் முடியாது என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தகுதி இருந்தால் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

சரி, நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாள் காலையில் விழுப்புரம் கோர்ட்டில் விபத்து வழக்கு நடக்கும் அறையில் பின் பெஞ்சில் போய் உட்காருங்கள். ஊனத்தைப் பற்றி டாக்டரிடம் யார் விவரமாகக் கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வழக்கில் பணம் அங்கேதான் இருக்கிறது.

உதாரணமாக, மருத்துவக் குழு 25 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது என்று வையுங்கள். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று கணக்குப் போட்டால் அந்தத் தலைப்பில் 1,25,000 வரும். நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் இப்படிப் போடுவது சகஜம். ஆனால் கொத்தனார் சாரம் ஏற வேண்டும், குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். இந்தக் காலால் அது முடியாது, சம்பாதிக்கும் சக்தியே 25 சதவீதம் போய்விட்டது என்று நிரூபித்தால் கணக்கே வேறு. மாதம் 18,000 வருமானம், நாற்பது வயதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 25,200. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, 36 முதல் 40 வயதுக்கான பெருக்கு எண் 15ஆல் பெருக்கி, 25 சதவீதம் எடுத்தால் 11,34,000. அதே கால், அதே சான்று. மேஸ்திரியைச் சாட்சிக்கு அழைத்து, டாக்டரிடம் சாரத்தைப் பற்றிக் கேட்கிற வக்கீல் உங்களுக்கு வேண்டும். முதல் சந்திப்பிலேயே "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார், எப்படிச் செய்கிறார்?" என்று அவரே கேட்டால் நல்ல அறிகுறி. "இருபது லட்சம் வாங்கித் தருகிறேன்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், ஏ.ஆர். காப்பியை இந்த வாரமே வாங்கிப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. என் தாய்மாமாவை வேன் மோதியபோது, தூக்கிக்கொண்டு போன யாரோ பதற்றத்தில் "வண்டி சறுக்கி விழுந்துட்டார்" என்று சொல்ல, அதையே எழுதிவிட்டார்கள். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் தரப்பு மூன்று வருடம் இழுத்தது. உங்கள் காப்பியில் லாரி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் நாளே புது வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் செட் வீட்டில் இருக்கட்டும்.

கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்று வக்காலத்தாக, அதாவது உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் கொடுக்கும் தாளாக இருக்கும். அந்த வக்கீலின் பெயரைத் தெரிந்துகொண்டு, வக்காலத்தை ரத்து செய்வதாகவும் தாள்களைத் திருப்பித் தரும்படியும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அவர் ஏற்கெனவே மனுப் போட்டிருக்கிறாரா என்று புது வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே விபத்துக்கு இரண்டு மனு ஆகக் கூடாது. வங்கிக் கணக்கு தொடங்கும் படிவமும் அந்தத் தாள்களில் இருந்ததா என்று கணவரிடம் கேளுங்கள். இழப்பீடு நேராக மனுதாரரின் கணக்குக்கே போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025ல் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கு உங்கள் ஊர்க் கிளையில், பாஸ்புக்கும் செக் புத்தகமும் உங்கள் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதை நம்பி உட்கார வேண்டாம், உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான். விபத்து நடந்த இடத்திலோ குடியிருக்கும் இடத்திலோ போடலாம், அதனால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

கேள்வி: என் விபத்து வழக்கு மூன்று வருடமாக நடக்கிறது. 20,000 ரூபாய் வாங்கிய வக்கீல் போனே எடுப்பதில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
– வாசகர், மதுரை

பதில்: போக முடியாது. வழக்கறிஞர் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. என் மனதுக்கு அது வருத்தம்தான். பாதிக்கப்பட்டவர் எளிதில் ஏறக்கூடிய ஒரு படி போய்விட்டது. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். உங்கள் வழக்குக் காகிதக் கட்டைத் தர மறுத்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். பீஸ் பாக்கி என்று சொல்லிக்கூடக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் எம்.சி.ஓ.பி. எண்ணை, அதாவது விபத்து இழப்பீட்டு மனுவின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடுத்த வாய்தா தேதி வந்தால் அன்று நேரில் போய் நில்லுங்கள். ஆஜராகாததால் தள்ளுபடி என்று வந்தால், வேறு வக்கீலை வைத்து வழக்கை மறுபடி கோப்பில் எடுக்க உடனே மனுப் போட வேண்டும். அதில் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் கோர்ட்டில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.