ஊரிலிருந்து வந்திருக்கும் 60 வயது தாண்டிய பெற்றோரை மாம் டோர் மலைக்கு அழைத்துப் போகலாமா? மான்செஸ்டரில் இருக்கிறோம்.

தாராளமாகப் போகலாம். நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பொழுதை ஓட்டுகிறார்கள், அதானே?

உயரம் 517 மீட்டர்தான். மேலே இருக்கும் நேஷனல் டிரஸ்ட் (இயற்கை, பழமையான இடங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை) கார் பார்க்கிங்கில் இறங்கினால் உச்சி வரை கல் பாவிய பாதை. நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம்.

என் மாமனாரை நான் கூட்டிப் போனது கீழே காசில்டன் கிராமத்திலிருந்து, பழைய சாலை வழியாக. 1979இல் நிரந்தரமாக மூடிய சாலை அது. பக்கத்திலிருக்கும் வின்னட்ஸ் கணவாய் வண்டிகளுக்கு ரொம்பச் செங்குத்து என்று மாற்றுவழியாகப் போட்டார்கள். போட்ட இடமோ பழைய நிலச்சரிவின் மேல். அடியில் இளகிய களிப்பாறை. மழை வலுத்தால் சரிவே நகரும்.

மாமனார் நெடுஞ்சாலைத் துறையில் ஓய்வு பெற்றவர். பிளந்து கிடந்த தாரைப் பார்த்ததும் மலையை மறந்துவிட்டார். குனிந்து, ஒட்டு மேல் ஒட்டாகப் போட்ட தார் அடுக்குகளை விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். "அடிமண்ணே நகருது, இதுல எத்தனை தடவை தார் ஊத்தினா என்ன மாப்ள? பில் போட்டவன் மட்டும் பொழைச்சிருப்பான்." அவ்வளவு சந்தோஷமாக அவரை இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை. உச்சியில் ஆதிகாலத்துக் கோட்டையின் மண்மேட்டைக் காட்டினேன். "ம்" என்றார். அப்புறம் கீழே சாலை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

'படி வைத்த மலையெல்லாம் மலையா' என்று சிலர் கீழே எழுதுவீர்கள். கோடிக்கால் மிதித்து மண் அரித்ததால்தான் கல் பாவினார்கள். எதிரே கிண்டர் ஸ்கௌட் 636 மீட்டர், போய் ஏறிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? என் அலுவலகத்திலும் ஒருவர் இப்படித்தான் நக்கல் அடிப்பார். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆன்கால், அதாவது எப்போது கூப்பிட்டாலும் வேலை பார்க்க வேண்டிய முறை, வந்தால் மட்டும் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். மூன்று வருடமாக நான்தான் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வார இறுதியில் பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும், சாலையோரம் நிறுத்தி அபராதம் கட்டாதீர்கள். அப்பா நன்றாக நடப்பார் என்றால் ரயிலில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஈடேல் கிராமத்துக்குப் போய், ஹோலின்ஸ் கிராஸ் என்ற மலைமுகட்டுத் தாழ்வு வழியாக ஏறலாம். ஜூலையானாலும் மேலே காற்று பலமாக இருக்கும். அம்மாவுக்குச் சேலை வேண்டாம், காதை மூட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.