பசியா, ஓய்வா? கவனித்து உண்பது பற்றிச் சில கேள்விகள்

எடையோடு போராடும் திருகோணமலைக்காரர்கள் கேட்டவற்றுக்கு ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவர் அளித்த பதில்கள்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, பகலில் அளவாகத்தான் சாப்பிடுகிறேன். பிள்ளைகள் உறங்கியபின் பத்து மணிக்கு மிக்சர் போத்தலைத் திறந்தால் காலியாகும்வரை விடமுடியவில்லை. எனக்கு மனவுறுதி இல்லையா?

மனவுறுதியைப் பழிக்காதீர்கள், தங்கச்சி. காலையிலிருந்து ஓடிய உங்களுக்கு அந்த நேரம்தான் ஓய்வு. ஓய்வும் மிக்சரும் ஒன்றோடொன்று பழகிவிட்டன. ஒன்று வந்தால் மற்றதை மூளை தேடுகிறது.

போத்தலைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது சோறும் பருப்பும் தந்தால் சாப்பிடுவேனா? ஆம் என்றால் அது பசி, உட்கார்ந்து சாப்பிடுங்கள். மிக்சர் மட்டும்தான் வேண்டும் என்றால் அது களைப்பாகவோ கவலையாகவோ இருக்கலாம். அப்போதும் தடை இல்லை. சிறு கிண்ணத்தில் கொட்டி, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வாயாக மெல்லுங்கள். முதல் சில வாய்களில் இருந்த சுவை பிறகு மங்குவதை நீங்களே உணர்வீர்கள். நாக்கில் தங்கும் உப்பையும், தாகத்தையும், வயிற்றின் கனத்தையும் கவனியுங்கள். தின்ற இன்பத்தோடு இவற்றையும் சேர்த்து மூளை கணக்குப் பார்க்கத் தொடங்கினால், ஆசை தானாகவே தணிய வழி உண்டு. நான் ஏசித் தடுப்பதைவிட இது நீடிக்கும்.

இன்னொன்று: உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் கூடுகிறது. பத்தரைக்கு விளக்கை அணைப்பதும் உணவுப் பழக்கத்தைத் திருத்தும் வேலைதான்.

நகரிலிருந்து: கடை பூட்டியதும் கொத்து ரொட்டி வாங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். மெதுவாகச் சாப்பிட்டால் என்ன மாறும்?

வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும், தம்பி. ஐந்து நிமிடத்தில் முடித்தால் அது வருமுன்பே தட்டு காலி. முதலிலேயே பாதியை எடுத்து மூடி வையுங்கள். கைபேசியைப் பார்க்காமல் மற்றப் பாதியைச் சாப்பிட்டு, சற்று நேரம் பொறுத்து, மீதி தேவையா என்று பாருங்கள். கூடவே குடிக்கும் மென்பானப் போத்தலில் நிற அடையாளம் இருக்கும். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அதற்குத் தண்ணீரே மேல்.

கிண்ணியாவிலிருந்து: நோன்பு திறந்ததும் கஞ்சி, ரோல்ஸ், சர்பத் என்று அளவு மறந்துபோகிறது.

உங்களிடம் அருமையான பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. 1979இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மன அழுத்தம் தணிக்கும் பயிற்சியைத் தொடங்கிய ஜோன் கபட்-சின், ஒரேயொரு உலர்திராட்சையைப் பார்த்து, தொட்டு, மணந்து, மெதுவாகச் சுவைக்கக் கற்பித்தார். முதல் பேரீச்சம்பழத்தை அப்படிச் சுவையுங்கள். பிறகு தண்ணீர், மஃரிப் தொழுகை, அதன்பின் கஞ்சி. அந்த இடைவெளியிலேயே உடல் ஆறிவிடும். ரோல்ஸ் அப்போதும் வேண்டுமென்றால் ஒன்று போதும்.

மூதூரிலிருந்து: இப்படிக் கவனித்து உண்பதால் எத்தனை கிலோ குறையும்?

எண் சொல்லி ஏமாற்ற மாட்டேன். கட்டுமீறி உண்பதையும் மனக்கஷ்டத்தில் உண்பதையும் இது குறைப்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. எடை எல்லோருக்கும் ஒரேபோல் குறைவதில்லை. நடையும் காய்கறியும் கூட வேண்டும். தராசைவிட இடுப்பை அளக்கும் நாடாவை நம்புங்கள்: தெற்காசிய ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்ற அளவை எட்டினாலே நீரிழிவு, இதய நோய் அபாயம் கூடுகிறது.

இன்னொருவரிடமிருந்து: எனக்கு நீரிழிவு, இன்சுலின் போடுகிறேன். பசிக்கும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டால் இரத்தச் சீனி ஆபத்தாக இறங்கலாம். நேரம் கிளினிக்கில் சொன்னபடியே இருக்கட்டும். கவனம் உண்ணும் வேகத்தில் இருக்கட்டும். உணவின் அளவை மாற்றுவதென்றால் முதலில் வைத்தியரிடம் பேசுங்கள். கை நடுங்கி வியர்த்தால் ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே சீனி கரைத்த தண்ணீர் குடியுங்கள்.