டார்ப்பன் ஸ்பிரிங்ஸ்: பஞ்சுத் துறையோடு திரும்பிவிடாதீர்கள்

கேள்வி: ஃபுளோரிடாவில், டாம்பாவிலுள்ள மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் என்ற கிரேக்க ஊரை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? கடலில் குளிக்கலாமா? நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை.

பதில்: தாராளமாக முடியும். காரில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான். ஆனால் பலர் படகுத்துறைக் கடைகளிலேயே பொழுதைப் போக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். முதலில் ஊருக்குள் இருக்கும் புனித நிக்கோலஸ் பேராலயத்துக்குப் போங்கள். 1943இல் கட்டி முடித்தது. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவை முன்மாதிரியாகக் கொண்டது. ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பிறகு கடற்பஞ்சுப் படகுகள் நிற்கும் துறை. கடற்பஞ்சு என்பது குளிக்கும்போது தேய்த்துக்கொள்ளும் ஸ்பாஞ்சைத் தரும் கடல் உயிரி. 1905இல் ஜான் கொக்கோரிஸ் என்பவர் காற்றுக்குழாய் பொருத்திய கவச உடையில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுக்கும் முறையை இங்கே கொண்டுவந்தார். அதற்காகக் கிரேக்கத்தின் காலிம்னோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த முக்குளிப்போரின் வழித்தோன்றல்களே இன்றைய ஊர்க்காரர்களில் பலர். 1940களில் கடல்நீரைச் செந்நிறமாக்கும் நச்சுப் பாசி கடற்பஞ்சுகளை அழித்ததும் தொழில் நொடித்தது, சுற்றுலா கைகொடுத்தது. பித்தளைத் தலைக்கவசத்தோடு ஒருவர் மூழ்கிக் காட்டும் படகுச் சவாரி கொஞ்சம் நாடகத்தனமானதுதான். இருந்தாலும் டிக்கெட் எடுக்கலாம். அந்தத் தொழிலின் கடுமை அங்கே புரியும்.

கடற்பஞ்சு வாங்குவதானால் குளிப்பதற்குக் 'கம்பளிப் பஞ்சு' என்ற வகையைக் கேளுங்கள். நனைத்துப் பிழிந்து பார்த்தே வாங்குங்கள். பளிச்சென்ற மஞ்சளில் மயங்க வேண்டாம். வெளுக்க வைத்த பஞ்சு சீக்கிரம் நைந்துபோகும். வீட்டில் கொதிநீரில் போடாதீர்கள், சுருங்கிவிடும்.

துறை இருப்பது ஆங்க்லோட் ஆற்றங்கரையில். அங்கே குளிக்க இடமில்லை. மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி ஃபிரெட் ஹோவர்ட் பூங்காவில் கடற்கரை இருக்கிறது. புயலுக்குப் பின் சில நேரம் மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் தேவை. இந்தப் பக்கத்துக் கிரேக்க சாலட்டின் அடியில் உருளைக்கிழங்கு மசியல் ஒளிந்திருக்கும். அதில் மயோனைஸ் சேர்ப்பதால் முட்டை உண்டு. கீரை அடைத்த ஸ்பனகோபிட்டாவிலும் பெரும்பாலும் முட்டை சேரும். திராட்சை இலைச் சுருளில் இறைச்சி இருக்கலாம். உருளைக்கிழங்கு வேண்டாமென்று சொல்லி சாலட், ரொட்டி, பிறகு பக்லாவா என்று முடித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 6 மட்டும் வேண்டாம். அன்று எபிபெனி என்ற கிறிஸ்தவத் திருநாள். ஸ்பிரிங் பேயூ நீர்நிலையில் மதகுரு சிலுவையை எறிய, இளைஞர்கள் பாய்ந்து தேடுவார்கள். பார்க்க வேண்டிய திருவிழாதான். ஆனால் வயதானவர்களோடு போனால், கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.