கப்பலைத் தடுத்த தீவும் தடுக்காத தீவும்

கேள்வி: 1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயில் சமோவாவில் ஐந்தில் ஒருவர் மாண்டதாகவும், பக்கத்துத் தீவில் ஒருவர்கூடச் சாகவில்லை என்றும் படித்தேன். உண்மையா? தனிமைப்படுத்தல் விதி ஒன்றே இதற்குக் காரணமா?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உண்மைதான். பசிபிக் பெருங்கடலின் சமோவாத் தீவுகளில் வாழ்பவர்கள் ஒரே மொழி பேசும், ஒருவருக்கொருவர் கொள்வினை கொடுப்பினை உள்ள மக்கள். ஆனால் அன்று மேற்குத் தீவுகள் நியூசிலாந்தின் பிடியிலும் கிழக்குத் தீவுகள் அமெரிக்கக் கடற்படையின் ஆட்சியிலும் இருந்தன. 1918 நவம்பர் 7 அன்று, ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட ‘தலூன்’ என்ற கப்பல் மேற்கிலுள்ள அப்பியா துறைமுகத்துக்கு வந்தது. வழியில் ஃபிஜியில் அக்கப்பலைத் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள் என்ற செய்தியை அப்பியாவின் துறைமுக அதிகாரிக்கு யாரும் சொல்லவில்லை. நோயாளிகள் உட்படப் பயணிகள் கரையிறங்கினார்கள். சுமார் 38,000 பேர் வாழ்ந்த அந்த மேற்குத் தீவுகளில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தார்கள். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால், அடுப்பு மூட்டவும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் போன வீடுகள் ஏராளம். அப்பியாவை அடுத்த வைமோசோவில் பிணங்களைப் பொதுக்குழியில் அடக்கம் செய்தார்கள்.

கிழக்கின் ஆளுநர் ஜான் போயர், கம்பியில்லாத் தந்தி வழியே செய்தி அறிந்து, வரும் கப்பல்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தார். ஆயினும் விதி ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மேற்கிலிருந்து படகுகள் திருட்டுத்தனமாக வந்துவிடாதபடி ஊர்மக்களே கடற்கரையில் காவல் நின்றார்கள். உறவினர்களின் படகாகவே இருந்தாலும் திருப்பி அனுப்பவேண்டிய அந்தக் காவலை, மனம் ஒப்பி ஏற்ற மக்களால்தான் செய்திருக்க முடியும்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. மருத்துவ உதவி அனுப்பப் போயர் முன்வந்தபோது, மேற்கின் நிர்வாகி ராபர்ட் லோகன் அதை ஏற்கவில்லை. கப்பலை விட்டதையாவது அறியாமை எனலாம். இதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்த மேற்குத் தீவுகள்தான் இன்றைய சமோவா நாடு. 2019-இல் தட்டம்மைக்கு 83 பேரை, பெரும்பாலும் சிறு குழந்தைகளை, அந்நாடு பறிகொடுத்தது. தடுப்பூசி போடாதவர்கள் இருந்த வீடுகளின் முன்னே சிவப்புத் துணி கட்டச் சொல்லி, ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று ஊசி போட்டார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள் கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சிலேயே எல்லையை மூடினார்கள். சொந்தக் குடிமக்களே வெளிநாட்டில் தவிக்க நேர்ந்தது உண்மை. ஆனால் 2022 மார்ச்சில் நோய் ஊருக்குள் பரவத் தொடங்கியபோது, வயதுவந்தோரில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டு முடித்திருந்தார்கள்.