ஒளித்து எழுதாதீர்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. கணவர், பத்தாவது படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன், மாமியார் என்று ஐந்து பேர் உள்ள வீடு. இரண்டு வருடமாகப் புனைபெயரில் இணையத்தில் காதல் தொடர்கதை எழுதுகிறேன். வாரம் மூன்று எபி (எபிசோட், அதாவது அத்தியாயம்) தருவதாக வாசகிகளிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு போனில்தான் எழுதுவேன். ‘எப்பப் பாரு போன்’ என்று கணவர் கோபப்படுகிறார். காதல் கதை எழுதுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மகளுக்குப் பொதுத்தேர்வு வேறு வருகிறது. எழுதுவதை விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

விட வேண்டாம். நாள் முழுக்க வீட்டுவேலை பார்த்துவிட்டு, தூக்கத்தைத் தள்ளிவைத்து இரண்டு வருடமாக எழுதுகிறீர்கள் என்றால் அது பொழுதுபோக்கு இல்லை. ஆனால் இப்போது எழுதுகிற விதத்தை மாற்றியே ஆக வேண்டும்.

எழுதுவதைவிட அதை ஒளிப்பதில்தான் நீங்கள் அதிகம் களைத்துப்போகிறீர்கள். உங்கள் கணவர் பக்கமிருந்து யோசியுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது இருட்டில் போன் வெளிச்சமும், அவர் புரண்டு படுத்தால் சட்டென்று நீங்கள் மாற்றும் திரையும்தான். அதற்குள் ஒரு நாவல் வளர்வது அவருக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து அவர் நிதானமாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள். ஓர் அத்தியாயத்தை வாசிக்கக் கொடுங்கள். நெருக்கமான காட்சி எதற்கு, நாயகி வீட்டில் சண்டை நடக்கும் அத்தியாயமே போதும். ‘யாரு இந்த ஹீரோ?’ என்று கட்டாயம் கேட்பார். கோபப்படாமல், கற்பனை என்று ஒரே வரியில் சொல்லுங்கள். மாமியாரை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். மாத நாவல்களைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்த தலைமுறை அது. உங்கள் கூச்சம் அவருக்கு இல்லாமலும் இருக்கலாம்.

அந்தக் கால நாவலாசிரியை வை.மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாறு வயதில் கல்யாணமாகி வந்தவர். சரளமாக எழுத வராத நிலையில், ‘இந்திர மோகனா’ என்ற தன் முதல் நாடகத்தை வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். 1924-இல் அது அச்சாகி வந்தது. அடுத்து ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார். அவர் கணவர் பார்த்தசாரதி உறுதுணையாக நின்றார். வீட்டுக்குத் தெரிந்து எழுதியதால்தான் அவ்வளவு எழுத முடிந்தது என்று நினைக்கிறேன்.

பட்டம்மாள் செய்த வேலையை இன்று உங்கள் போனே செய்யும். கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். காதல் கதைக்கு உயிரே வசனம்தான், அதைப் பேசிப் பார்த்து எழுதுவது இன்னும் நல்லது. மாடியில் துணி எடுக்கும்போது நாயகனும் நாயகியும் சண்டை போடும் இடத்தைச் சொல்லி முடித்துவிடலாம். ரகர றகரம் மாறும், நிறுத்தக்குறி இருக்காது, ‘அவன்’ சில இடத்தில் ‘அவள்’ ஆகியிருக்கும். அதையெல்லாம் உட்கார்ந்து திருத்த ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தை வீட்டில் வாய்விட்டுக் கேளுங்கள். ‘ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் நான் எழுதுவேன். தோசையை யாராவது ஊத்திக்கோங்க’ என்று சொல்லுங்கள். ஆறாவது படிக்கும் பையனுக்கும் தோசை ஊற்ற வரும், வராவிட்டால் கற்றுக்கொள்ளட்டும்.

அப்புறம், வாரம் மூன்று எபி. ஓர் எபிக்கு 1,200 வார்த்தை என்றாலே வாரம் 3,600 ஆகிறது. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீட்டிலேயே அது சிரமம். வாரம் ஒன்று போதும். அடுத்த கதையைப் பாதியாவது எழுதி வைத்துக்கொண்டு முதல் எபியைப் போடுங்கள். பையனுக்குக் காய்ச்சல், ஊரில் விசேஷம் என்று வரும்போது அந்தக் கையிருப்பு உதவும். அவசரத்தில் எழுதிய எபியில் நாயகன் எதற்குக் கோபப்பட்டான் என்பதே மறந்துபோகும். வாசகிகள் அதை உடனே பிடித்துவிடுவார்கள்.

மகளின் தேர்வு முடியும் வரை இணையத்தில் எதுவும் போட வேண்டாம். ஒரு நோட்டில் காட்சிக் குறிப்புகள் மட்டும் எழுதி வையுங்கள். அவள் படிக்கும் மேசையில் எதிரே உட்கார்ந்தே எழுதலாம், இருவருக்கும் துணையாக இருக்கும். வாசகிகளிடம், ‘மகளுக்குப் பொதுத்தேர்வு, ஏப்ரல் கடைசியில் தொடர்கிறேன்’ என்று இன்றைக்கே ஒரு பதிவு போட்டுவிடுங்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை இருக்கும்.