'ரியலைஸ்' என்ற சொல்லையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். அதற்குப் பதிலாக வேறு என்ன ஆங்கிலச் சொற்கள் உண்டு?

நிறைய இருக்கின்றன. ஆனால் வெறும் பட்டியல் உங்களுக்கு உதவாது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்குத் தப்பான ஃபைலை அனுப்பிவிட்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். பதறிப்போய், "ஐ அண்டர்ஸ்டுட் தட் ஐ சென்ட் த ராங் ஃபைல்" என்று மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "யாராவது உனக்கு வெளக்கிச் சொன்னாங்களா?" என்று கேட்டார். அங்கே வரவேண்டியது 'ரியலைஸ்ட்'.

தமிழில் 'புரிந்தது' இரண்டையும் தாங்கும். கணக்கும் புரியும், செய்த தப்பும் புரியும். ஆங்கிலத்தில் பாடம், விளக்கம், அடுத்தவர் நிலைமை இதெல்லாம் 'அண்டர்ஸ்டாண்ட்'. அதுவரை கவனிக்காத ஓர் உண்மை சட்டென்று உறைத்தால் 'ரியலைஸ்'. அதனால் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

மற்ற சொற்களுக்கு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: உழைத்தது யார்? மண்டையை உடைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடித்திருந்தால் 'ஃபிகர்ட் அவுட்' அல்லது 'ஒர்க்ட் அவுட்'. மோட்டார் ஏன் ஓடவில்லை என்று பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்பதற்கு 'ரியலைஸ்ட்' சப்பென்று இருக்கும், நீங்கள் பட்ட பாடே அதில் தெரியாது. நீங்கள் சும்மா இருக்க, அதுவாக வந்து உறைத்தால் 'இட் டான்ட் ஆன் மீ'. டான் என்றால் விடியல். மெல்ல வெளுப்பதுபோலத் தெளிவது. இந்த அமைப்பு நமக்குப் புதிதே இல்லை. 'எனக்குப் புரிந்தது', 'எனக்கு உறைத்தது' என்று நாமும் நம்மை ஓரமாக நிறுத்திவிட்டுத்தானே பேசுகிறோம்? ஆனாலும் ஆங்கிலம் எழுத உட்கார்ந்தால் எல்லாவற்றையும் 'ஐ' என்றே தொடங்குகிறோம்.

கொஞ்சம் தாமதமாக உறைத்தால் பிரிட்டிஷ்காரர்கள் 'த பென்னி டிராப்ட்' என்பார்கள். காசு போட்டால் ஓடும் பழைய இயந்திரத்தில், போட்ட காசு சிக்கி நின்று அப்புறம் விழுவதுபோல. தெரிந்த செய்திதான், ஆனால் மனதில் இன்னும் இறங்கவில்லை என்றால் 'இட் ஹேஸ்ன்ட் சங்க் இன் யெட்'. வேலை கிடைத்த கடிதம் கையில் இருக்கும், நம்பத்தான் முடியாது. அந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாவற்றையும்விட நீங்கள் கவனமாக இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. 'ரியலைஸ்' என்று எழுதினால், அதைத் தொடர்ந்து வருவது உண்மை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். 'ஐ ரியலைஸ்ட் தட் ஹி டுக் த மனி' என்றால் பணத்தை எடுத்தது அவர்தான் என்று முடிவாகிவிட்டது. வெறும் சந்தேகம் என்றால் 'இட் அக்கர்ட் டு மீ தட் ஹி மைட் ஹேவ்...' என்று தொடங்குங்கள். அதுதான் நம்முடைய 'தோன்றியது'. தோன்றியது பொய்யாகவும் இருக்கலாம். ஆபீஸ் மெயிலில் இந்த ஒரு சொல்லால் ஒருவர்மேல் பழி விழுந்துவிடும்.

'ரியலைஸ்' என்பதன் பழைய பொருள் 'நிஜமாக்குவது'. அது இன்னும் நம் பேங்க் கவுண்டரில் உயிரோடு இருக்கிறது. 'செக் ரியலைஸ் ஆயிடுச்சா?' என்று கேட்கிறோமே, காகிதமாக இருந்தது பணமாகிவிட்டதா என்றுதானே அதற்கு அர்த்தம்.

'ஃபேதம்' எனக்குப் பிடித்த சொல். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம், 6 அடி. கடலின் ஆழத்தை அளக்கும் அலகு. நம் மீனவர்கள் 'பாகம்' என்பதும் இதைத்தான். அதிலிருந்துதான் 'ஆழம் கண்டு புரிந்துகொள்வது' என்ற பொருள் வந்தது. பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: 'ஐ கான்ட் ஃபேதம் ஒய் ஹி லெஃப்ட்'. ஏன் போனார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கடைசியாக, 'கேம் டு நோ'. 'தெரிய வந்தது' என்பதை அப்படியே மாற்றி நாம் இந்தியாவில் எல்லாரும் எழுதுவது. நமக்குள் அது நன்றாகவே புரியும். ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கு எழுதும்போது, யாரோ சொல்லித் தெரிந்தது என்றால் 'ஐ ஹெர்ட்', நீங்களாக விசாரித்துத் தெரிந்துகொண்டது என்றால் 'ஐ ஃபவுண்ட் அவுட்' என்று எழுதுங்கள். நான் இன்றைக்கும் மெயில் அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.