சூடு பண்ணிச் சாப்பிட்டும் வாந்தி ஏன்?

கேள்வி: இரவு சிக்கன் பிரியாணி பார்சல் வாங்கினோம். மீந்ததை மேஜையிலேயே மூடிவைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரத்தில் எனக்கும் மகனுக்கும் வாந்தி. சூட்டில் கிருமி சாகாதா? கடைமேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: கிருமி சாகும், அது விட்ட நச்சு அப்படியே இருக்கும். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) அரிசியிலேயே உண்டு. உலைக்கொதியிலும் பிழைத்துக்கொள்ளும். வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து, பெருகி, நச்சை விடும். சோற்றின் வாசனை மாறாமலே இது நடந்துவிடும். அதனால் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமைப்பவர் கையிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சும் சூட்டுக்கு மசியாது. ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் இந்த இரண்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பழைய சோறு மட்டும் எப்படி என்பீர்கள். தண்ணீர் ஊற்றிய சோறு புளிக்கும். அந்தப் புளிப்பு பல கிருமிகளை அடக்கும். பிரியாணிக்கு அந்தக் காவல் கிடையாது.

ஆபத்தான வெப்பம் 5 முதல் 60 டிகிரி வரை. அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சோறு இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். வாங்கும்போது பொட்டலம் கையைச் சுட வேண்டும். மீந்ததை டப்பாவோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுச்சோறு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி உள்ளே வையுங்கள். மறுநாளே ஒரே தடவை, தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, நடுப்பகுதியும் கொதிக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் திருகியில் உள்ள 1, 2, 3 டிகிரி அல்ல. பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிர் கூடும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

இரவு முழுக்க வெளியே இருந்ததால் உங்கள் புகார் நிற்பது கடினம். வாங்கியவுடன் சாப்பிட்டு இப்படி ஆனால், 14 இலக்க உரிம எண் உள்ள பில்லையும் மீதிச் சோற்றையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுங்கள். வாந்தி நிற்கும்வரை ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குழந்தைக்குச் சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: கறிக்கடையில் வாங்கும் கோழியைக் குழாயில் கழுவலாமா?

பதில்: வேண்டாம். தெறிக்கும் துளிகளோடு சால்மோனெல்லாவும் காம்பைலோபாக்டரும் பக்கத்தில் நறுக்கிவைத்த வெங்காயம், தக்காளிவரை போய்விடும். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அமிழ்த்தி எடுத்து, சிங்க்கையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மஞ்சளையும் தயிரையும் நம்பாதீர்கள். எலும்பை ஒட்டிய சதை 74 டிகிரியை எட்டினால்தான் இந்தக் கிருமிகள் சாகும்.